அரிசிப் பையை ஆட்டோவில் அனுப்பினால் ஆகாதா?

எங்கள் பங்குக் கோவிலில் வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டம் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்த கையோடு நடக்கும். பத்துப் பேர் வந்தால் அது பெரிய கூட்டம். போன வருடம் புதிதாக ஒரு தம்பி சேர்ந்தான். ஐடி வேலை, கணக்கில் கெட்டிக்காரன். ஒரு நாள் வரவுசெலவு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, மொத்தம் ஏழு குடும்பம். இதுக்கு நாம ரெண்டு ரெண்டு பேரா ஞாயித்துக்கிழமை வெயில்ல அலையணுமா? அரிசிப் பையை ஆட்டோல அனுப்பிட்டு, மருந்துக் காசை ஜிபேல போட்டுட்டா அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும். மிச்ச நேரத்துல இன்னும் பத்துக் குடும்பத்தைச் சேர்த்துக்கலாமே?"

யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியார், "அது அப்படி இல்லப்பா" என்றார். எப்படி இல்லை என்று அவருக்கும் சொல்ல வரவில்லை, பதினைந்து வருடமாகப் போய் வருகிற எனக்கும் வரவில்லை. கேள்வி நியாயமானதுதான், அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசில்லை. அதனால் இதைக் கொஞ்சம் வேரிலிருந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக. கத்தோலிக்கக் கோவில் வாசலில் இந்தச் சபையின் பெயர் எழுதிய உண்டியலைப் பார்த்திருப்பீர்கள். இது சாமியார்களோ கன்னியர்களோ நடத்துவதில்லை. குடும்பம், வேலை என்று இருக்கிற சாதாரண ஆட்கள் சேர்ந்து நடத்துவது. 150 நாடுகளுக்கு மேல் இருக்கிறது, உறுப்பினர்கள் ஏறக்குறைய 8 லட்சம். ஆஸ்திரேலியாவில் பழைய துணிக் கடைகளே நடத்துகிறார்கள், அங்கே செல்லமாக 'வின்னீஸ்' என்பார்கள். இவ்வளவு பெரிய அமைப்பின் அடிப்படை வேலை என்ன என்று பார்த்தால் சப்பென்று இருக்கும்: இரண்டு பேர் சேர்ந்து கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது. அவ்வளவுதான். மதம் பார்க்கக் கூடாது. அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும், அவரவர் கையை உள்ளே விட்டு முடிந்ததைப் போட வேண்டும். யார் பத்து ரூபாய் போட்டார், யார் ஐந்நூறு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சில வாரம் என் கை வெறுங்கையாகவே உள்ளே போய் வந்திருக்கிறது, அதுவும் யாருக்கும் தெரியாது.

இந்த ஏற்பாடெல்லாம் 1833இல் பாரிசில் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம்தான் அந்த ஊரில் காலரா வந்து 18 ஆயிரம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிருந்தது. அங்கே மாணவர்கள் கூடி வரலாறு, தத்துவம் என்று விவாதிக்கிற மன்றம் ஒன்று இருந்தது. திருச்சபை உலகத்துக்குச் செய்த நன்மைகளைக் கத்தோலிக்கப் பையன்கள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, சான் சிமோன் என்பவரின் சோசலிசக் கொள்கையைப் பின்பற்றிய ஒருவர் எழுந்து, அதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள், அதைக் காட்டுங்கள் என்றார். பிரெடெரிக் ஓசானாம் என்ற சட்டக் கல்லூரி மாணவருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அவரும் ஒரு நண்பரும் குளிருக்காக வைத்திருந்த மிச்ச விறகைத் தோளில் சுமந்துகொண்டு போய் ஒரு ஏழையின் அறையில் இறக்கிவிட்டு வந்தார்கள் என்று சொல்வார்கள். 1833 ஏப்ரல் 23ஆம் தேதி, ஓசானாமுக்கு அன்றைக்குத்தான் இருபது வயது நிறைகிறது, அவரோடு சேர்த்து ஆறு மாணவர்களும் எம்மானுவேல் பாயி என்ற பத்திரிகைக்காரரும் அந்தப் பத்திரிகை அலுவலகத்திலேயே கூடினார்கள். விவாத மன்றத்துக்கு இருந்த 'கான்பரன்ஸ்' என்ற பெயரை வைத்துக்கொண்டு விவாதத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். இன்றுவரை சபையின் ஒவ்வொரு கிளைக்கும் அந்தப் பெயர்தான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்று தீர்மானித்தாயிற்று, ஆனால் இவர்களில் யாருக்கும் ஒரு ஏழைக் குடும்பத்தைக்கூடச் சரியாகத் தெரியாது! யார் வீட்டுக்குப் போவது? பாயி இவர்களை முஃப்தார் பகுதியில் இருந்த ரோசலி ராந்து என்ற அருட்சகோதரியிடம் அனுப்பினார். அந்தப் பகுதி அப்போது பாரிசின் மோசமான சேரிகளில் ஒன்று, அவர் அங்கே முப்பது வருடமாக இருந்தவர். எந்தச் சந்தில் எந்த மாடியில் யார் பட்டினி என்று விரல்நுனியில் வைத்திருந்தார். பையன்கள் கையில் சில குடும்பங்களின் முகவரிகளையும், ரொட்டிக்கும் இறைச்சிக்குமான சீட்டுகளையும் கொடுத்து அனுப்பினார். அந்தச் சீட்டைத் தபாலில் போட்டிருக்கலாம், ஆள் வைத்துக் கொடுத்திருக்கலாம். சொர்போன் பல்கலைக்கழகம் பக்கம் கோட்டு போட்டுத் திரிந்த இந்தப் பையன்களே நேரில் படியேற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

ஏன் நேரில்? ரோசலியம்மாள் சேர்ந்திருந்த சபையின் கதையைப் பார்த்தால் இது புரியும். அதற்கு இன்னும் இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

1617 ஆகஸ்டு. பிரான்சில் சாத்தியோன் என்ற சின்ன ஊர். அங்கே புதிதாக வந்த பங்குத்தந்தை வின்சென்ட் தே பவுல். ஒரு ஞாயிறு பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோருமே நோயில் படுத்துவிட்டார்கள், ஒருத்தருக்கொருத்தர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். அவர் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். மத்தியானம் அவரே அந்த வீட்டைப் பார்க்கப் புறப்பட்டால், வழியெல்லாம் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறார்கள், வருகிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய காட்சிதான். அவருக்கோ வேறொன்று தோன்றியது: இன்றைக்கு இவ்வளவு சாப்பாடு, பாதி கெட்டுப்போகும், நாளை மறுநாள் அந்த வீட்டில் மறுபடியும் பட்டினி. வெள்ளம் வந்த வாரம் பிரியாணிப் பொட்டலம் வண்டி வண்டியாக வந்து, அடுத்த வாரம் குடிதண்ணீருக்கு ஆள் இல்லாமல் போனதைப் பார்த்தவர்களுக்கு அவர் மனசு புரியும்.

அவர் அந்த ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு முறை வைத்தார். இன்றைக்கு ஒருத்தி, நாளைக்கு இன்னொருத்தி. அதற்கு ஒரு விதிமுறையும் எழுதினார். சட்டதிட்டம் மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் நான் அதைப் படிக்க எடுத்தேன். படித்தால் ஒரு மாமியார் மருமகளுக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி இருக்கிறது. முறைக்காரி சமைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே நுழைந்ததும் நோயாளிக்கு மலர்ந்த முகத்தோடு வணக்கம் சொல்ல வேண்டும். சின்ன மேசையை நகர்த்திப் போட்டு, துணி விரித்து, கிண்ணமும் கரண்டியும் வைத்து, நோயாளியின் கையைக் கழுவிவிட்டு, செபம் சொல்லி, பிறகு பரிமாற வேண்டும். இறைச்சியை நறுக்கிக் கொடுக்க வேண்டும், குடிக்க ஊற்றிக் கொடுக்க வேண்டும், சொந்த மகனுக்கு ஊட்டுவதுபோலச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டும், மனசு இளகும்படி இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

அதில் ஒரு வரி இருக்கிறது. துணைக்கு ஆள் இருக்கிற நோயாளிகளிடம் முதலில் போ, யாருமே இல்லாதவர்களைக் கடைசியாக வைத்துக்கொள், அப்போதுதான் அவர்களோடு கூடுதல் நேரம் இருக்க முடியும். என்ன ஒரு நுணுக்கம்! சாப்பாடு கொடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இப்படி வரிசை போட வேண்டிய அவசியமே வராது. எது பக்கமோ அந்த வீட்டுக்கு முதலில் போகலாம், இன்றைய டெலிவரி செயலி அப்படித்தான் வழி காட்டும்.

இந்த ஏற்பாடு ஊர் ஊராகப் பரவி பாரிசுக்கு வந்து சேர்ந்தபோது கோளாறு ஆனது. கிராமத்துப் பெண்கள் செய்ததைப் பாரிசில் பிரபு வீட்டுச் சீமாட்டிகள் செய்ய முன்வந்தார்கள். பணம் தாராளமாக வந்தது. நோயாளியின் வீட்டு நாற்றமும், தொற்று வந்துவிடுமோ என்ற வீட்டுக்காரரின் பயமும் சேர்ந்து, கொஞ்ச நாளில் சீமாட்டிகள் தங்களுக்குப் பதிலாக வேலைக்காரிகளை அனுப்பத் தொடங்கினார்கள். சாப்பாடு போய்ச் சேர்ந்தது, ஆனால் வந்தவள் சம்பளத்துக்கு வந்தவள். வைத்துவிட்டு ஓடினாள், அவளைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் தம்பி சொன்ன ஜிபேக்கு மூதாதை அந்த வேலைக்காரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வின்சென்டும் லூயிஸ் தெ மரியாக் என்ற விதவைப் பெண்ணும் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு 1633இல் பிறந்த 'பிறரன்புப் புதல்வியர்' சபை. அந்தக் காலத்தில் கன்னியர் என்றால் மடத்துச் சுவருக்குள் இருக்க வேண்டும். இவர்களுக்கோ நோயாளிகளின் வீடுதான் மடம், ஊர்த் தெருதான் முற்றம் என்று வின்சென்ட் சொல்லிவிட்டார். முதலில் வந்தவள் மார்கெரித் நாசோ, மாடு மேய்த்த பெண். வழியில் போவோர் வருவோரிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டுத் தானே படிக்கக் கற்றவள். கொள்ளை நோய் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையில் படுக்க வைத்துக்கொண்டாள், அதே நோயில் அந்த 1633லேயே செத்தும் போனாள். சீமாட்டிகளின் பயம் ஆதாரமில்லாத பயம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நேரில் போவதற்கு விலை உண்டு.

ரோசலி ராந்து இந்தப் பெண்கள் வழியில் வந்தவர். ஓசானாம் கும்பலுக்குக் கிடைத்தது இந்தப் பயிற்சிதான்.

ஓசானாம் பிற்பாடு சொர்போனில் பேராசிரியர் ஆனார், இத்தாலியக் கவிஞர் தாந்தே பற்றிப் பெரிய ஆய்வெல்லாம் செய்தார். வீட்டுக்கு வீடு போவதை மட்டும் விடவில்லை. 1848இல் புரட்சி வெடித்த வருடம் அவர் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார், இழிவுபடுத்தும் உதவி எது, மதிப்பளிக்கும் உதவி எது என்று பிரித்துப் பார்க்கிற கட்டுரை. மனுசனை வெறும் வயிறாகவும் குளிரில் நடுங்குகிற உடம்பாகவும் மட்டும் பார்த்துக் கொடுத்தால் அது அவனை இழிவுபடுத்துகிறது என்கிறார். ரொட்டியோடு கூடவே ஒரு வருகையும், கையைப் பிடித்துக் குலுக்குவதும், ஆறுதல் பேச்சும் சேர்ந்தால்தான் மதிப்பு. அதைவிட முக்கியமாக, உதவி இரண்டு பக்கமும் போக வேண்டும் என்கிறார். ரொட்டியைத் திருப்பிக் கொடுக்க எல்லோராலும் முடியாது. ஒரு நல்ல வார்த்தையை, ஒரு புத்திமதியை இன்று கொடுப்பவருக்கே நாளைக்கு அது தேவைப்படலாம், அன்றைக்கு அந்த ஏழை அதைக் கொடுக்க முடியும்.

அவரைப் பற்றி ஒரு கதையும் உண்டு. புத்தாண்டு அன்று அவருக்கு ஒரு குடும்பத்தின் நினைப்பு வந்தது. முன்பு வசதியாக இருந்து நொடித்துப்போன குடும்பம், கடைசியாக மிஞ்சியிருந்த இழுப்பறைப் பெட்டியையும் அடகு வைத்துவிட்டிருந்தார்கள். அதை மீட்டுக் கொடுக்கலாம் என்று புறப்பட்டார், அந்தக் காசைச் சாப்பாட்டுக்கோ வாடகைக்கோ கொடுக்கலாமே என்று மனைவி சொல்ல, அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டார். சாயங்காலம் தன் மகளைச் சுற்றிக் கிடந்த பொம்மைகளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. போய் மீட்டு, அவர்கள் வீட்டில் சேர்த்துவிட்டு வந்த பிறகுதான் முகம் தெளிந்ததாம். எந்த நிவாரணப் பட்டியலிலாவது இழுப்பறைப் பெட்டி இருக்குமா? அம்மாவின் சீர்வரிசை அண்டா மார்வாடி கடையில் கிடக்கும்போது வீட்டில் எப்படி ஒரு மௌனம் இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பெட்டி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. படியேறிப் போனவர் கண்ணில்தான் அது இல்லாத இடம் படும்.

இதுவரை எல்லாம் இனிப்பாக இருக்கிறது. மறுபக்கமும் இருக்கிறது.

ஒருவர் வீட்டுக்குள் நுழைவது அன்பாகவும் இருக்கலாம், சோதனையாகவும் இருக்கலாம். 1869இல் லண்டனில் தர்ம காரியங்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் தொடங்கினார்கள், கத்தோலிக்கர்கள் தொடங்கியதில்லை. அவர்களும் வீட்டுக்கு வீடு போனார்கள். எதற்கு? உதவிக்குத் தகுதியான ஏழை யார், தகுதியில்லாத ஏழை யார் என்று விசாரிக்க. குடிக்கிறானா, சோம்பேறியா, வீடு சுத்தமாக இருக்கிறதா? அதே கதவு, அதே நாற்காலி, பார்க்கிற கண் வேறு. நாங்கள் மட்டும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போனபோது உள்ளே கலர் டிவி, மிக்ஸி, ஃபேன் எல்லாம் இருப்பதைப் பார்த்து, இவர்களுக்கு எதற்கு நம் பணம் என்று நான் நினைத்தேன், வெளியே வந்து கூட வந்தவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் சிரித்தார். "டிவி கலைஞர் கொடுத்தது, மிக்ஸியும் ஃபேனும் அம்மா கொடுத்தது. அதை வச்சு அவங்க சோறு பொங்க முடியுமா சார்?" விசாரணைக் கண் எனக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது அன்றைக்குத் தெரிந்தது. ஆட்டோவில் பை அனுப்பினால் இந்தக் கண் யாரையும் தொந்தரவு செய்யாது, அது உண்மை. ஆனால் அந்தக் கண்ணைத் திருத்துவதற்கும் வழியில்லாமல் போய்விடும்.

கொடுக்கிற பக்கம் பிறக்காமல் வாங்குகிற பக்கம் பிறந்த ஒரு சாமியார் இதை எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். யோசேப் ரெசின்ஸ்கி, போலந்து அப்பாவுக்கும் ஸ்பெயின் அம்மாவுக்கும் பிரான்சில் பிறந்து பரம ஏழ்மையில் வளர்ந்தவர். 1950களில் பாரிசுக்கு வெளியே நுவாசி லெ கிரான் என்ற இடத்தில் வீடற்ற குடும்பங்கள் கொட்டகைகளில் கிடந்தன. அங்கே போய்ச் சேர்ந்த ரெசின்ஸ்கி செய்த காரியங்களில் ஒன்று, வெளியார் வந்து சூப் ஊற்றுவதை நிறுத்தியது. நூலகம் கொண்டுவந்தார், குழந்தைகளுக்குப் பள்ளி கொண்டுவந்தார், பெண்களுக்கு அழகு நிலையம்கூட வந்தது. சூப் வாங்க வரிசையில் நிற்பதை அவர்களுடைய பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வளர்வது அவருக்குப் பொறுக்கவில்லை. தட்டை நீட்டுகிறவனும் ஊற்றுகிறவனும் தினமும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்கிறார்கள்தான், அதைத் தொடர்பு என்று சொல்ல முடியுமா?

இன்னொருவர் இவான் இல்லிச், அவரும் சாமியார். அமெரிக்கக் கத்தோலிக்க மாணவர்கள் கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் 1968இல் இவரைப் பேசக் கூப்பிட, இவர் வந்து தயவுசெய்து வராதீர்கள் என்றே பேசிவிட்டார். அந்த மக்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்குக்கூட உங்களுக்கு அவர்கள் பாஷை தெரியாது. ஏழைகளோடு வேலை செய்தே தீர வேண்டும் என்றால், உங்கள் முகத்துக்கு நேரே 'போய்த் தொலை' என்று சொல்லக்கூடிய ஏழைகளிடமாவது போங்கள் என்றார். ரொம்பக் காரம்தான். ஆனால் சேவைச் சுற்றுலா என்று விமானம் ஏறி வந்து, அநாதை இல்லத்துப் பிள்ளைகளை மடியில் வைத்து செல்ஃபி எடுத்துப் போகிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இல்லிச்தான் ஞாபகம் வருவார். பக்கத்துத் தெருவுக்கு, வாராவாரம், வருடக்கணக்கில் போவதில் உள்ள ஒரே நன்மை இதுதானோ என்றுகூடத் தோன்றும்: பிடிக்காவிட்டால் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எங்களுக்கு அப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது.

இருவராகப் போ என்ற விதியும் இந்த மறுபக்கத்தைத் தெரிந்து வைத்ததுதான். தனியாகப் போகிறவர் கடவுள் மாதிரி ஆகிவிடுவார், அல்லது மோசமான ஆளாக இருந்தால் வேறு மாதிரி ஆகிவிடுவார். உதவி செய்ய வந்தவனைத் திட்டவோ தள்ளவோ முடியாத நிலையில் இருக்கிற வீடுகள் அவை. கூட ஒரு ஆள் இருப்பது அந்த வீட்டுக்குப் பாதுகாப்பு, வருகிறவருக்கும் பாதுகாப்பு. சில வெளிநாடுகளில் இப்போது போலீஸ் சரிபார்ப்பு இல்லாமல் சேர்த்துக்கொள்வதே இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது. வரட்டும், நல்லதுதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். ஆகவே நாங்கள் கொண்டுபோகிற பொன்னி அரிசி இல்லாவிட்டால் அந்த வீட்டில் உலை கொதிக்காது என்றெல்லாம் பெரும்பாலும் கிடையாது. அரிசி ஒரு சாக்கு. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காகப் பெண் பார்க்கப் போகிறவன் பழம் வாங்கிக்கொண்டு போவானே, அந்த மாதிரி. உட்கார்ந்து பேசும்போதுதான் உண்மையான சங்கதிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பாட்டியின் விரல் ரேகை தேய்ந்துபோய் மெஷினில் விழவில்லை. முதியோர் பென்சன் நாலு மாசமாக வரவில்லை, ஏன் என்று கேட்க யாரிடம் போவது என்று தெரியவில்லை. மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அது எதற்கு என்று தெரியாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள். மகன் குடிக்கிறான், அது மூன்றாம் மாதம்தான் வாயில் வரும். எங்கள் குழுவில் ஒருத்தர் இப்போது பாதி நேரம் இ-சேவை மையத்தில்தான் நிற்கிறார். ஜிபேயில் போன 500 ரூபாய்க்கு இதெல்லாம் தெரிந்திருக்காது.

அப்புறம் சாதி. இதைப் பேசாமல் தமிழ்நாட்டில் நேரடித் தொடர்பு என்று பேசுவது ஏமாற்று. ஐரோப்பாவில் ஏழை வீட்டுக்குள் நுழையத் தயங்கியவர்களுக்குத் தொற்று பயம், நாற்றம். இங்கே அதற்கு முன்னாலேயே இன்னொரு கோடு கிழித்திருக்கிறது. ஒரே நற்கருணையை வாங்கிவிட்டு வெவ்வேறு கல்லறைக்குப் போகிற கிறிஸ்தவர்கள் நம்மிடையே உண்டு. தலித் கிறிஸ்தவர்கள் திருச்சபைக்குள்ளேயே பாகுபாட்டை அனுபவிக்கிறார்கள் என்று இந்திய ஆயர் பேரவையே 2016இல் தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அரிசி மூட்டையைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, பெயர் வாசித்துக் கூப்பிட்டு, போட்டோ எடுத்துக் கொடுப்பது சில இடங்களில் ஏன் அவ்வளவு சௌகரியமாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் போக வேண்டாம், அந்த டம்ளரில் குடிக்க வேண்டாம்.

டீ விஷயம் அதனால்தான் சின்ன விஷயம் இல்லை. நாங்கள் போகிற ஒரு வீட்டில் அந்த அக்கா எங்களைப் பார்த்ததும் பையனைப் பக்கத்து வீட்டுக்கு ஓட்டி சர்க்கரை வாங்கிவரச் சொல்லி டீ போடுவார். ஆரம்பத்தில் நான் வேண்டாம் வேண்டாம் என்று தடுப்பேன், நாம் கொண்டுவந்த பொருளை நாமே குடிக்கிற மாதிரி கூச்சம். ஒரு நாள் அவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "எங்க வீட்ல குடிக்க மாட்டீங்களா சார்?" அந்தக் கேள்விக்குள் என்னென்ன இருந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிலிருந்து இரண்டாவது டம்ளர் கொடுத்தாலும் குடித்துவிடுவது. ஓசானாம் எழுதிய இரண்டு பக்கமும் போகிற உதவி எங்கள் ஊரில் இப்படித்தான் நடக்கிறது. பெனடிக்ட் பாப்பரசர் 2005இல் எழுதிய சுற்றுமடலில், கொடுப்பது இழிவுபடுத்தாமல் இருக்க வேண்டுமானால் பொருளோடு என்னையும் கொடுக்க வேண்டும், என் கொடைக்குள் நான் இருக்க வேண்டும் என்கிறார். பெரிய இறையியல்தான், மறுக்கவில்லை. டீ டம்ளரை வைத்துப் படித்தால் எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது. பிரான்சிஸ் பாப்பரசர் 2013இல் இன்னும் நேராகவே கேட்டுவிட்டார்: பிச்சை போடும்போது அந்த ஆளின் கண்ணைப் பார்க்கிறாயா? கையைத் தொடுகிறாயா, காசைத் தூக்கிப் போடுகிறாயா?

பெயரைப் பற்றியும் ஒன்று. ரோமில் 1983 ஜனவரி 31 அன்று, தெர்மினி ரயில் நிலையத்தில் மொதெஸ்தா வலெந்தி என்ற வீடற்ற மூதாட்டிக்கு உடம்பு முடியாமல் போனது. அவர் அழுக்காக இருந்தார், தலையில் பேன் இருந்தது என்று சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்ற மறுத்தார்கள். மணிக்கணக்கில் இழுபறி, அங்கேயே இறந்துபோனார். சாந்தெஜீதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் (சாமியார் அல்லாத சாதாரண ஆட்கள்) அமைப்பு, 1968இல் பள்ளிக்கூடப் பையன்கள் தொடங்கியது, அவருக்காக வருடாவருடம் பூசை வைக்கிறது. அந்தப் பூசையில் தெருவில் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். பெயர் வாசிக்க வேண்டும் என்றால் உயிரோடு இருந்தபோதே யாராவது பெயரைக் கேட்டு வைத்திருக்க வேண்டும் இல்லையா? உணவுப் பொட்டலம் கொடுக்கிறவர்கள் எண்ணிக்கை சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர்களால்தான் பெயர் சொல்ல முடியும்.

தம்பியின் கணக்குக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவன் கணக்கு தப்பே இல்லை, நேரில் போவதை நம் இஷ்டத்துக்குப் பெருக்க முடியாது. ஒரு ஜோடியால் ஞாயிறு காலையில் மூன்று வீடு, மிஞ்சிப் போனால் நாலு. இதை வைத்து வறுமையை ஒழித்துவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓசானாமே நம்பவில்லை, 1848 தேர்தலில் நின்று பார்த்தார், தோற்றார். இலவச அரிசி, பென்சன், காப்பீடு என்று அரசாங்கம் செய்கிறதைப் பத்தாயிரம் சபை சேர்ந்தாலும் செய்ய முடியாது. பணமும் தூரத்திலிருந்து வரத்தான் வேண்டும். வெளிநாட்டுக் கிளைகள் நம் ஊர்க் கிளைகளோடு ஜோடி சேர்ந்து பணம் அனுப்புகிற ஏற்பாடு இந்தச் சபையிலேயே உண்டு. கொரோனா சமயத்தில் வீடு போவது நின்று பல நாடுகளில் போனில்தான் பேசினார்கள், நாங்களும் அப்படித்தான். ஜிபேயும் அப்போது போட்டோம். வேறு வழியில்லாத நேரத்தில் அது பெரிய உபகாரம். ஊரடங்கு தளர்ந்து மறுபடி போனபோது அந்த அக்கா முதலில் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை, "சார், இளைச்சுட்டீங்களே" என்றார்.

தம்பியை அப்புறம் என்னோடு ஜோடி சேர்த்துக்கொண்டேன். மூன்று வீடு. அவன் கூகுள் மேப்பைப் பார்த்து, பாட்டி வீடு கோவிலுக்குப் பக்கம், அதை முதலில் முடித்துவிட்டால் சுற்று குறையும் என்றான். நான் சாத்தியோன் கதையைச் சொன்னேன். மற்ற இரண்டு வீட்டிலும் பிள்ளைகள், சொந்தம் என்று ஆட்கள் இருக்கிறார்கள். பாட்டிக்கு யாரும் இல்லை. அதனால் பாட்டி கடைசி. அவர் தன் கணவர் பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்குவார், ஒவ்வொரு வாரமும் இரண்டு நாள் நடை கூடிக்கொண்டே போகிறது. தம்பி இப்போதெல்லாம் நடுநடுவே கேள்வி வேறு கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் மூன்று மணிக்கு மேல்தான்.